மோடத்துக்கு ஒரு வாட்ச்மேன்

ஆட்டையாம்பட்டி கை முறுக்கு பெட்டி பெட்டியாக வெளியூர் போகிறது. லாரி ஆபீசில் புக்கிங் போடுபவர் பெட்டியைப் பிரித்து முறுக்கை எண்ணுவதில்லை. யார் அனுப்பியது, யாருக்கு, எந்த ஊருக்கு... சீட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். வீட்டு பிராட்பேண்ட் மோடத்தில் இருக்கும் பாக்கெட் ஃபில்டரும் அப்படித்தான். எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்று மேல்சீட்டை மட்டும் படிக்கும். உள்ளே இருப்பது முறுக்கா வைரஸா என்று அதற்குத் தெரியாது!

"வீட்டு மோடத்துக்கு இதெல்லாம் எதற்கு?" என்பவர்களுக்கு 2017 ஜூலையை ஞாபகப்படுத்த வேண்டும். அந்த மாதக் கடைசியில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் சுமார் 60,000 தாக்கப்பட்டு இணைப்பு இழந்ததாகச் செய்தி வந்தது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனமே கேட்டுக்கொண்டது. அந்த மோடம்களில் இருந்தது அதே பழைய அட்மின், அட்மின்தான். மோடங்களைச் செயலிழக்க வைக்கும் பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதியவர், இது தன் வேலை என்று சொல்லிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, அடி விழுந்தது கம்ப்யூட்டருக்கு அல்ல, மோடத்துக்கு. பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர்களை நேட் ஓரளவு மறைத்துவிடும். தெருவைப் பார்த்து நிற்பது மோடம்தான். எனவே முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. அதைச் செய்யாமல் ஃபில்டர் போடுவது, பூட்டில்லாத கடைக்கு வாட்ச்மேன் வைத்த கதை.

பிறகு பிரவுசரில் 192.168.1.1 (பல மோடங்களில் இதுதான்) போய், வெளியிலிருந்து மோடத்துக்கு வரும் 23, 80, 7547 போர்ட்களைத் தடுக்கலாம். 23 டெல்நெட். 80 மோடத்தின் செட்டிங்ஸ் பக்கம். 7547 கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே மோடத்தைச் சரிசெய்யும் வாசல். அதை அடியோடு மூடினால் அவர்களாலும் வர முடியாது. முடிந்தால் அவர்கள் முகவரிக்கு மட்டும் விடலாம்.

விதிகளின் வரிசைதான் பலரைக் கவிழ்க்கும். பெரும்பாலான மோடங்கள் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். "எல்லாவற்றையும் தடு" என்பதை மேலே வைத்தால் கதை முடிந்தது. வெளியே போவதையும் கட்டுப்படுத்துகிறவர்கள் 53-ஐ மறந்தால் எந்தத் தளத்தின் பெயரும் கிடைக்காது. லைன்மேனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், பாவம் அவர்!

சோதிப்பதை வீட்டு வைஃபையில் செய்யக் கூடாது, அது உள்வாசல். மொபைல் டேட்டாவிலிருந்து பார்க்க வேண்டும். யாராவது பின்னால் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால் ஃபில்டர் போய், பழைய அட்மின் திரும்பி வந்திருப்பார். மறுபடி முதலிலிருந்து.