நடந்தால் தெரியும் கொல்கத்தா

டிராம், கை ரிக்‌ஷா, நடைபாதைக் கடை: பயணி தேடி வருவதெல்லாம் நகரம் கைகழுவ நினைப்பவைதான்

ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும் பயணியை முதலில் சூழ்ந்துகொள்பவர்கள் டாக்சிக்காரர்கள். அவர்களிடமிருந்து தப்பிவிட்டால் எதிரே பாலம். ஊரை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தவருக்கு இதைவிட நல்ல தலைவாசல் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. பொழுது விடிந்ததுமே பாலத்தின் நடைபாதையில் தலைச்சுமைக்காரர்கள் ஏறக்குறைய ஓடுகிறார்கள். வழிவிடாதவர் இடிபடுவார். யாரும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்க நேரமில்லை.

1943-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. சுமார் 26,500 டன் எஃகை, நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். உலகப் போரின் நடுவே எழுந்து நின்ற பாலத்துக்குப் பிற்பாடு வாய்த்த எதிரி வெற்றிலைப் பாக்கு எச்சில். தாங்கு கம்பங்களின் அடியில் இருந்த எஃகு உறைகளை அது அரித்துத் தின்றுவிட, 2011 வாக்கில் ஃபைபர் கிளாஸ் உறை மாட்ட வேண்டியதாயிற்று. 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாலத்தில் நடந்தால் கால் மணி நேரம். ஆனால் மெட்ரோவில் போகிறவர் மல்லிக் காட்டைப் பார்க்க முடியாது.

பாலம் முடியும் இடத்தில் படியிறங்கினால் வருகிற பூச்சந்தை அது. முழம் போட்டு விற்கும் ஊரிலிருந்து வருபவருக்கு இங்கே விற்கும் அளவே மலைப்பாக இருக்கும். துலுக்கச் சாமந்தி மாலைகளை வடக்கயிறு போலச் சுருட்டித் தோளிலும் தலையிலும் சுமந்து வருகிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, இடையில் வெள்ளைச் சம்பங்கி. காலடியில் சேறும் அழுகிய இதழ்களும். பின்னால் படித்துறையில் குளியல், பல் துலக்கல், மந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஆற்றை ஒட்டி, சர்குலர் ரயில் தண்டவாளத்தோடு வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால் குமார்துலி. பொம்மை செய்யும் குயவர்களின் பேட்டை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், மூங்கில் சட்டத்தில் வைக்கோல் கட்டிய துர்க்கைகள் தலையில்லாமல் நிற்கின்றன. அதன் மேல் ஆற்று மண்ணைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசுகிறார்கள். தாசியின் வீட்டு வாசலிலிருந்து எடுத்த பிடிமண்ணும் சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒதுக்கிவைத்தவளின் வாசல் மண் இல்லாமல் தேவி இல்லை! கண் திறப்பது மகாளய அமாவாசையன்று. விஜயதசமிக்குப் பின் எல்லாம் ஆற்றுக்கே திரும்பிவிடும். கொல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ 2021-ல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்துகளின் அகலம் அதனால் ஒரு அங்குலமும் கூடவில்லை.

அங்கிருந்து தெற்கே திரும்பும் ரவீந்திர சரணி, பழைய சித்பூர் சாலை. வழியில் ஜோராசாங்கோ. தாகூர் 1861-ல் பிறந்ததும் 1941-ல் இறந்ததும் இங்குள்ள ஒரே வீட்டில்தான். சிவப்பு வீட்டின் முற்றத்தில் நின்றால் வெளியே இருக்கும் இரைச்சல் அடங்கிவிடுகிறது.

மதியம் காலேஜ் தெரு. பிரசிடென்சியின் சுற்றுச்சுவரே பல கடைகளுக்குப் பின்சுவர். பாடநூல், பழைய நாவல், என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு வழிகாட்டி எல்லாம் அடுக்கடுக்காக. பெயரைச் சொன்னால் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் புத்தகத்தை உருவிவிடுகிறார். எதிர்ச்சந்தில், பழைய ஆல்பர்ட் ஹால் மாடியில் காபி ஹவுஸ். 1942-ல் காபி ஹவுஸான இந்த இடத்தைப் பின்னர் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கமே நடத்த ஆரம்பித்தது. தலைப்பாகை கட்டிய சர்வர் கொண்டுவரும் ‘இன்ஃப்யூஷன்’ பாலில்லாத காபி. கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு அது தண்டனைதான். காபிக்காக இங்கே யாரும் வருவதில்லை என்பது ஆறுதல்.

இவ்வளவு தூரம் நடந்தவருக்கு ஒன்று புரிந்திருக்கும். நடப்பதற்கு ஏற்ற இந்த நகரில் நடைபாதையில் நடக்க முடியாது. அது கடை, சமையலறை, சலூன், பலருக்குப் படுக்கையறை. நடப்பவர் சாலையில் இறங்கி பஸ்ஸோடு போட்டி போட வேண்டும். 1996 நவம்பரில் இடது முன்னணி அரசு ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் கடைகளை இரவோடு இரவாக இடித்துத் தள்ளியது. கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 2014-ல் வந்த மத்திய சட்டம் தெருவோர வியாபாரிகளுக்கு உரிமையும் தந்துவிட்டது. வழி மறிக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் பயணிதான் மறு நிமிடம் அந்தக் கடையின் நீலத் தார்ப்பாய்க்குக் கீழ் நின்று கச்சோரி தின்கிறார்.

டிராமின் கதையும் இதுவே. 1873-ல் குதிரை இழுத்தது, 1902 முதல் மின்சாரம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று, மைதானத்தை ஒட்டிய ஒரு தடத்தைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. இடைஞ்சல் பண்ணுவது நூறு பேரை ஏற்றிப் போகும் டிராமா, ஒருவரை ஏற்றிய காரா என்று கேட்பவர்கள் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்.

ஆனால் பயணியை உண்மையில் சங்கடப்படுத்துவது கை ரிக்‌ஷா. 1953-ல் வந்த ‘தோ பீகா ஜமீன்’ படத்தில் பல்ராஜ் சாஹ்னி இழுத்த அதே வண்டி. மனிதனை மனிதன் இழுப்பது அவமானம் என்று 2006-ல் சட்டசபையில் தடை மசோதா நிறைவேறியது. வழக்கு வந்தது, தடை கிடப்பில் போனது. இழுப்பவர்களில் பலர் பிகாரிலிருந்து வந்தவர்கள். குடும்பம் கிராமத்தில், சம்பாத்தியம் இங்கே. மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது கார் நின்றுவிடும், ரிக்‌ஷா நிற்காது. தடை வந்தால் இவர்களுக்கு என்ன வேலை தருவது என்பதற்கு யாரிடமும் நம்பும்படியான பதில் இல்லை.

மாலையில் நியூ மார்க்கெட் பக்கம் கால் வலியோடு வருகிற பயணியைப் பார்த்ததும் ரிக்‌ஷாக்காரர் விரலில் கோத்த மணியை ஏர்க்காலில் தட்டுகிறார். பயணி புன்னகையோடு கையை ஆட்டி மறுக்கிறார். போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்கிறார். மனசாட்சி சுத்தம். ரிக்‌ஷாக்காரருக்கு ஒரு சவாரி நஷ்டம். அதற்குள் கையில் காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள், யோசிக்காமல் ஏறி உட்கார்ந்து, இரண்டு வார்த்தையில் பேரம் முடித்துவிடுகிறார். வண்டி எழும்புகிறது. வழிவிடச் சொல்லி மணி அடிப்பது இப்போது பயணிக்குத்தான்.