கடுகு சிறுத்தாலும் காரம் குறையாத கார்

கார் வாங்குபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்கள் ஒரு வகை. போகிற வழியும் முக்கியம் என்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் பணம் நிறைய இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. அலுவலகம் போக ஒரு கார், ஞாயிற்றுக்கிழமை ஆசை தீர ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்று இரண்டாக வைத்துக்கொள்வார்கள். வீட்டு வாசலில் ஒரு காருக்குத்தான் இடம், சம்பளமும் ஒரு காருக்குத்தான் வரும் என்றிருப்பவர் என்ன செய்வார்?

அவருக்காகவே பிறந்த வண்டிதான் ஹாட் ஹேட்ச்பேக்.

டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்காமல், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் கதவு உள்ள சின்னக் காருக்கு ஹேட்ச்பேக் என்று பெயர். ஸ்விஃப்ட், ஐ20, போலோ எல்லாம் இந்த ஜாதிதான். அதே உடம்பில் சக்தி அதிகமான எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், அகலமான டயர், வலுவான பிரேக் ஆகியவற்றைப் பொருத்தினால் அது ஹாட் ஹேட்ச். வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டு ஆசிரியை ஓட்டும் கார் மாதிரியே இருக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும்.

பிறந்த கதை

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் பொறியாளர்கள் சிலர், நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சாதாரண கோல்ஃப் காரை வேகமான காராக மாற்றிப் பார்ப்பதுதான் அந்த வேலை. பிறகு நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கோல்ஃப் ஜி.டி.ஐ. காட்சிக்கு வந்தது. 1976-ல் விற்பனை தொடங்கியது. 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த முதல் தலைமுறை மட்டுமே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் விற்றது.

அதன் உள்ளே இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. ஒன்று, கியர் கம்பியின் தலையில் இருந்த கோல்ஃப் பந்து. இன்னொன்று, இருக்கைகளில் போட்ட கட்டம் போட்ட துணி. இரண்டுமே கன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. போர்சிலேன் பாத்திரங்களில் சித்திரம் தீட்டும் கலை பயின்றவர் அவர். ஆடம்பரத் தோல் இல்லாமல் சாதாரணத் துணியிலேயே ஒரு காரைத் தனித்துக் காட்ட முடியும் என்று காட்டினார். ஹாட் ஹேட்சின் குணமும் அதுதான்: இருப்பதை வைத்துக்கொண்டு சிறப்பாகச் செய்வது.

எடைதான் ரகசியம்

முதல் ஜி.டி.ஐ.யின் சக்தி 110 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது பெரிய எண் இல்லை. ஆனால் அதன் எடை சுமார் 810 கிலோதான். ஒரு டன்னுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 136 குதிரைத்திறன் வருகிறது. ஒன்றரை டன் எடையுள்ள பெரிய காரில் இதே விகிதம் வேண்டுமானால் 200 குதிரைத்திறனுக்கும் மேல் எஞ்சின் வேண்டும்.

எடை குறைவதால் கிடைக்கும் நன்மை வேகம் மட்டும் அல்ல. பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும். வளைவில் திருப்பினால் உடனே திரும்பும். டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது. பெட்ரோலும் கட்டுப்படியாகும். எஞ்சினைப் பெரிதாக்கி வேகம் வாங்கினால் இந்த நன்மைகள் சேர்ந்து வராது.

சொந்தக்காரர்கள் இந்தக் காரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில், பிரிப்புச் சுவர் இல்லாத கிராமப்புறச் சாலைகளில் கார்களுக்குப் பொதுவான வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். 600 குதிரைத்திறன் உள்ள சூப்பர் கார் அந்த வேகத்தில் பாதித் தூக்கத்தில் இருக்கும். இரண்டாவது கியரைத் தாண்டவே தேவையிருக்காது. குட்டிக் காரோ அதே வேகத்தில் முழுமையாக விழித்திருக்கும். கியர் மாற்ற வேண்டும், வளைவுக்கு முன்பே யோசிக்க வேண்டும், சாலையின் மேடு பள்ளம் ஸ்டியரிங்கில் தெரியும். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே ஓட்டுகிற சந்தோஷம் கிடைத்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். எண்களில் அதிக வேகம் வேண்டுமென்றால் அதே விலைக்குப் பழைய பெரிய கார்கள் நிறையவே கிடைக்கும்.

வாரம் முழுக்க என்ன செய்கிறது?

ஒரு சாதாரண வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் கார் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை பின் இருக்கையை மடித்துவிட்டு, கடையில் வாங்கிய அலமாரிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு வரும். குழந்தை இருக்கை ஒன்றும் பின்னால் கட்டியிருக்கும். ஞாயிறு காலை, ஊர் விழிப்பதற்குள், அதே கார் வளைவுகள் நிறைந்த ஒரு மலைச் சாலைக்குப் போய்த் திரும்பும். வேல்ஸ் நாட்டின் கருமலை வழியாகப் போகும் ஏ4069 அப்படிப்பட்ட சாலை. ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் காபி குடிக்க வந்துவிடலாம்.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் பந்தயத் தடங்களுக்குப் போகிறார்கள். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொந்தக் காரையே தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள வடக்குச் சுற்றில், குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்களும் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி ஓட்டலாம். ஐந்து மடங்கு விலையுள்ள கார்களோடு குட்டிக் கார்களும் அங்கே ஓடும். ஓட்டி முடித்து, அதே காரில் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பலாம். டிரெய்லர் வேண்டாம், இன்னொரு வண்டி வேண்டாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பல, தடத்தில் நடக்கும் விபத்துக்குப் பணம் தராது.

கூடிப் பேசுவதும் இந்தக் காரைப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று. ஆஸ்திரியாவின் வோர்தர் ஏரிக் கரையில் 1982-ல் சிறிய அளவில் தொடங்கிய ஜி.டி.ஐ. சந்திப்பு, பிறகு லட்சக்கணக்கானவர்கள் கூடும் திருவிழாவாக வளர்ந்தது. கருங்கல்லில் ஒரு ஜி.டி.ஐ. சிலையே அங்கே வைத்தார்கள். கூட்டமும் சத்தமும் உள்ளூர்க்காரர்கள் தாங்க முடியாத அளவுக்குப் போனதால் 2023-ல் அந்த விழா ரத்தானது.

காரத்தின் மறுபக்கம்

இவ்வளவு நல்ல கார் என்றால் குறையே இல்லையா? இருக்கிறது. அது உயிர் சம்பந்தப்பட்ட குறை.

1984-ல் வந்த பியூஜோ 205 ஜி.டி.ஐ. இந்த வகையிலேயே மிகவும் நேசிக்கப்பட்ட கார்களில் ஒன்று. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வேகமாக வளைவில் திரும்பும்போது, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாயும். பின் டயர்களின் பிடி தளரும். காரின் வால் வெளிப்பக்கமாக வீசும். அனுபவம் உள்ளவருக்கு அது விளையாட்டு. உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆனவருக்கு அது மரத்தில் போய் முடியும். பயந்தால் காலை எடுப்பது மனித இயல்பு என்பதுதான் இதில் கொடுமை.

1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேறொரு தொல்லையும் சேர்ந்தது. எளிதில் திருட முடிகிற, வேகமாக ஓடுகிற இந்தக் கார்களை இளைஞர்கள் திருடி, குடியிருப்புத் தெருக்களில் சாகசம் செய்தார்கள். 1991-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளாக்பேர்ட் லீஸ் பகுதியில் இதை வேடிக்கை பார்க்கக் கூட்டமே கூடியது. போலீஸ் தடுக்கப் போய்க் கலவரம் ஆனது. அதே ஆண்டு நியூகாசில் அருகே, போலீஸ் துரத்திய திருட்டுக் காரில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அங்கேயும் கலவரம் வெடித்தது. 1992-ல், திருடிய வண்டியை ஆபத்தாக ஓட்டுபவர்களுக்குத் தண்டனையைக் கூட்டிப் புதுச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியது. ஒழுங்காக ஓட்டியவர்கள் பலரும் காரை விற்க வேண்டியதாயிற்று.

பின்னாளில் பூட்டுத் தொழில்நுட்பமும், வழுக்கலைத் தானாகக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியும் வந்தன. இன்று பிரிட்டனில் இளம் ஓட்டுநர்கள் பலர், பிரீமியத்தைக் குறைக்க, காரில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு வேகம், எப்படி பிரேக் போட்டார், நடுராத்திரியில் ஓட்டினாரா என்றெல்லாம் அது குறித்துக்கொள்ளும்.

இந்தியாவில் ஏன் இல்லை?

இந்தியாவில் இந்தக் கார்கள் அபூர்வமாக இருப்பதற்கு ஆர்வம் இல்லாதது காரணம் அல்ல. வரிதான் காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார் எது என்று ஒரு கோடு போட்டார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம்.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் எல்லாம் புரியும். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் எஞ்சின் 1,197 சி.சி., சக்தி 105 குதிரைத்திறன். 2015-ல் வந்த அபார்த் புன்ட்டோ 145 குதிரைத்திறன் தந்தது. ஆனால் எஞ்சின் 1,400 சி.சி.யை ஒட்டியது என்பதால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஐரோப்பாவில் ஹூண்டாய் விற்ற ஐ20 என் காரில் 1,600 சி.சி. எஞ்சின், 204 குதிரைத்திறன். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையிலிருந்து 2021-ல் வந்த ஐ20 என் லைனில் 998 சி.சி., 120 குதிரைத்திறன். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். காரம் மட்டும் வேறு. 2025-ல் இறக்குமதியாகி வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலையோ சுமார் 53 லட்சம். அந்தப் பணம் உள்ளவர் ஒரே கார் வைத்திருப்பவர் அல்ல.

அங்கேயும் குறைகிறது

பிறந்த மண்ணிலும் நிலைமை சுகமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல், விற்கும் கார்களின் சராசரிக் கார்பன் வெளியேற்றத்தைக் கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கை நோக்கி இறுக்கியது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வரம்பு. அதைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். லாபம் குறைவான சின்னக் காரில், பெட்ரோல் அதிகம் குடிக்கும் வகையை விற்பது நிறுவனங்களுக்கு வீண் சுமையாகிவிட்டது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி. 2023-ல் ஃபியஸ்டாவோடு சேர்ந்தே நின்றது. ஐ20 என் ஐரோப்பாவில் 2024-ல் விடைபெற்றது.

2024-ல் மின்சார ஹாட் ஹேட்சாக அல்பைன் ஏ290 வந்திருக்கிறது. சக்தி அதிகமான வகையில் 220 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய ஒன்றரை டன். டன்னுக்குக் கணக்குப் போட்டால் 1976-ன் ஜி.டி.ஐ.யைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சக்தியை இரண்டு மடங்காக்கியும் எடை வந்து அதை விழுங்கிவிட்டது. பேட்டரி இலேசாகும் நாளில்தான் அந்தப் பழைய சுறுசுறுப்பு முழுதாகத் திரும்பும்.

இப்படி ஒரு காரை வாங்க ஆசைப்படும் இளைஞர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, 'நூறைத் தொட எத்தனை வினாடி?' என்பதுதான். பல வருடங்களாக ஒரே காரோடு வாழ்ந்தவர்களைக் கேட்டால் அவர்கள் வேறு கேள்விகளைச் சொல்வார்கள். பிரேக் எப்படி, டயர் என்ன விலை, இன்சூரன்ஸ் எவ்வளவு, எங்கே ஓட்டப் போகிறாய்? கடைசிக் கேள்விதான் பெரியது. ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பனோடு போட்டி போட்டு இந்தக் காரின் அருமையைத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தச் சாலையில் மாடும் உண்டு, மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் ஆட்களும் உண்டு. வேகத்தைச் சோதிக்க, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயத் தடமே இருக்கிறது. மற்ற நாட்களுக்கு ஒரு நல்ல வளைவும், அறுபது கிலோமீட்டர் வேகமும், சரியான கியரும் போதும். அது போதாது என்று தோன்றுபவருக்கு இந்தக் கார் ஏற்றதல்ல.