இரைப்பைக்கு ரெண்டாவது ரீட்ரேடிங்?

இந்தப் பதிவு ரெண்டு மாசமா டிராஃப்ட்லயே கிடந்துச்சு. மொக்கைப் பதிவுன்னா பத்து நிமிஷத்துல அடிச்சுத் தள்ளிடுவேன். இதுல ஒவ்வொரு தடவையும் முதல் பாராவைத் தாண்டினதும் 'இதெல்லாம் எழுதணுமாடா'ன்னு மூடி வெச்சுட்டுப் போயிடுவேன். போன மாசம் பெங்களூர்ல பார்த்த நண்பர் ஒருத்தர், "என்ன தல, திரும்பப் பழைய ஃபார்முக்கு வந்துட்டீங்க போல?"ன்னு கேட்டார். ஹி ஹின்னு சமாளிச்சுட்டு வந்தேன். சரி, எழுதிடலாம்.

2020 ஜனவரியில எனக்கு எடை குறைக்கற ஆபரேஷன் நடந்துச்சு. அப்ப வயசு 22, எடை 128 கிலோ, உயரம் 170 செ.மீ., பிஎம்ஐ 44. 2021 கோடையில 81-க்கு வந்தேன். இந்த வருஷம் ஆகஸ்ட்ல மெஷின் மேல ஏறி நின்னப்ப 107. அதாவது 2025-ல, அஞ்சு வருஷம் கழிச்சு, குறைஞ்ச 47-ல 26 கிலோ வீடு திரும்பிடுச்சு. இப்ப இருக்கற கேள்வி, மறுபடியும் ஆபரேஷன் பண்ணிக்கறதா வேண்டாமா.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். பத்தாவது வரைக்கும் நான் சும்மா கொழுக்கு மொழுக்கு. அப்புறம் நம்ம மாவட்டத்துப் புகழ்பெற்ற விடுதிப் பள்ளி ஒண்ணுல பதினொண்ணு, பன்னெண்டு. பேர் வேண்டாம். ஊர்ல இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தை பிராய்லர் பண்ணைன்னுதான் சொல்லுவாங்க, கோழிப்பண்ணை ஊருக்காரங்க வெச்ச பேரு, பொருந்தாம இருக்குமா? காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி உக்கார வெச்சா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் படிப்பு. பி.டி. பீரியட்ல மேத்ஸ் டெஸ்ட். 78 கிலோவா உள்ள போன நான் 96 கிலோவா வெளிய வந்தேன். கட்ஆஃப் 191. வீட்ல எல்லாரும் மார்க்கைத்தான் பார்த்தாங்க, நானும்தான். மிச்ச 32 கிலோ திருச்செங்கோட்டுல இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துலயும் வேலைக்குப் போன ரெண்டு வருஷத்துலயும் சேர்ந்தது.

நடந்தது ஸ்லீவ்ங்கற ஆபரேஷன். இரைப்பையில முக்கால் பாகத்துக்கும் மேல நறுக்கி எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் சைஸ் குழாயா ஸ்டேப்பிள் அடிச்சு விட்டுடுவாங்க. வெட்டி எடுக்கற மேல்பாகத்துலதான் பசியைத் தூண்டற கிரெலின் ஹார்மோன் அதிகமாச் சுரக்குது, அதனால பசியும் அடங்கிடும். கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. 3 லட்சத்து 20 ஆயிரம். அப்பா லாரி ஓட்டி லாரி ஓனர் ஆனவர். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு போட்டுட்டு இருந்த சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினார். இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

முதல் வருஷம் சொர்க்கம். நம்ம ஊர் ஆஞ்சநேயர் 18 அடி உசரத்துல கூரை இல்லாம நிக்கறாரே, ஜெயந்தி அன்னிக்கு அவருக்கு ஒரு லட்சத்து எட்டு வடையில மாலை. எனக்கு அரை வடைக்கு மேல இறங்காது. அதுக்கே பெருமையா இருந்துச்சு. ரெண்டு இட்லி சாப்பிட்டா தொண்டை வரைக்கும் நிறைஞ்சுடும். லாக்டவுன் வேற வந்துடுச்சா, வீட்ல இருந்தே வேலை, அம்மா கையால அளந்து சாப்பாடு. சட்டை சைஸ் நாலு தடவை மாறுச்சு. யாரைப் பார்த்தாலும் "ஆளே மாறிட்டீங்களே". அந்த வார்த்தைக்கு அடிமையாயிட்டேன்னுதான் சொல்லணும்.

அப்புறம் மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஷிஃப்ட் வந்துச்சு. இங்கதான் யாரும் எனக்கு அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு (சொல்லியிருப்பாங்க, எனக்குக் காதுல விழல). இந்தக் குழாய் இரைப்பை, கெட்டியான சாப்பாட்டைத்தான் தடுக்கும். சப்பாத்தியும் கோழிக்கறியும் கொஞ்சம் உள்ள போனதுமே நிறுத்திடும். ஆனா சக்கரை போட்ட டீ, மில்க் ஷேக், ஐஸ்கிரீம், மென்னா மாவா கரையற மிக்சர், முறுக்கு எல்லாம் வழுக்கிட்டு இறங்கிடும். சேலம் தட்டுவடை செட் தெரியும்ல? பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வெச்சு, சிவப்பும் பச்சையுமா சட்னி தடவி. மூணு இட்லி இறங்காத வயித்துல ரெண்டு பிளேட் செட் இறங்குச்சு. டேபிள் டிராயர்ல மிக்சர் பாக்கெட். வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் கால்ல இருக்கும்போது மியூட் போட்டுட்டு மெல்லுவேன். சாப்பாட்டு நேரத்துல பார்க்கறவங்களுக்கு நான் ஒரு இட்லிக்காரன்.

கூடவே நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்து இருமிக்கிட்டு எந்திரிப்பேன். ரெண்டு தலகாணி வெச்சு உக்காந்த வாக்குல தூங்கறது ஒரு வருஷமாப் பழகிப்போச்சு.

ஆகஸ்ட்ல கோயமுத்தூர் போனேன். போறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள ஒரு தீர்ப்பு இருந்துச்சு: இரைப்பை விரிஞ்சுபோச்சு, அதனாலதான் வெயிட் ஏறுச்சு, திரும்ப ஒரு தடவை வெட்டினாச் சரியாயிடும். ஹார்டுவேர் ஃபால்ட். எண்டோஸ்கோப்பியும், பேரியம் குடிக்க வெச்சு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. குழாய் பெருசா விரியவே இல்லையாம், அஞ்சு வருஷத்துக்கு நல்லா இருக்குன்னாங்க. உணவுக்குழாயோட கீழ்முனையிலதான் புண், கிரேடு பி, கூடவே சின்னதா ஒரு ஹையாட்டஸ் ஹெர்னியா. ரிசல்ட் கேட்டப்ப சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல. இரைப்பை மேல தப்பு இல்லன்னா அப்ப யார் மேல?

டாக்டர்கிட்ட அதையே கேட்டேன். அவர் அப்படிப் பார்க்கக் கூடாதுன்னார். எடை குறைஞ்ச உடம்பு, போனதைத் திரும்பப் பிடிக்கத்தான் பார்க்குமாம். பசியைக் கூட்டும், செலவழிக்கற எனர்ஜியைக் குறைக்கும். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் கொஞ்சம் ஏறறது ஆபரேஷன் பண்ணின பலருக்கும் நடக்கறதுதான். "தம்பி, எதுக்குப் பண்றோம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. வெயிட்டுக்கா, நெஞ்செரிச்சலுக்கா? வெயிட்டுக்கு மட்டும்னா நான் அவசரப்பட மாட்டேன். மூணு மாசம் மாத்திரை, டயட்டீஷியன், எல்லாத்தையும் எழுதி வைங்க. அப்புறம் வாங்க, மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்ப்போம்."

அவர் சொன்ன ரெண்டாவது ஆபரேஷன் பேரு ரூ-என்-ஒய் பைபாஸ். 'ரூ'ன்னதும் ரூபாய்னு நெனச்சுட்டேன். (தப்பில்ல, எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ஆகும்னாங்க.) சீசர் ரூங்கற சுவிஸ் சர்ஜன் பேராம். மேல்நுனியில ஒரு 30 மில்லி பிடிக்கற அளவுக்குப் பை பிரிச்சு, சிறுகுடலை வெட்டி நேரா அதுல கொண்டுவந்து இணைச்சுடுவாங்க. மிச்ச இரைப்பை சும்மா ஓரமா உக்காந்திருக்கும், அதோட ஜூஸ் தனி லைன்ல கீழ வந்து சேரும். ஆசிட் மேல வர வழி குறைஞ்சுடறதால நெஞ்செரிச்சலுக்கு நல்லது. எடைக்காக பைபாஸ் பண்றதை 1966-ல அயோவாவுல எட்வர்ட் மேசன் ஆரம்பிச்சு வெச்சார். அல்சருக்காக இரைப்பையில பாதி எடுத்த பொம்பளைங்க குண்டாகாமலே இருக்காங்கன்னு கவனிச்சதுல இருந்து வந்த யோசனை.

வீட்டுக்கு வந்து, நம்ம தொழில் புத்தி, எக்செல் ஷீட் போட்டேன். ஃபின்லாந்துல 240 பேரை ஸ்லீவ், பைபாஸ்னு ரெண்டாப் பிரிச்சுப் பண்ணின ஆய்வு இருக்கு. பத்து வருஷ முடிவு 2022-ல வந்துச்சு. ஸ்லீவ் குரூப்ல 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய்ல புண், பைபாஸ் குரூப்ல 7. ஆக எனக்கு வந்தது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஸ்வீடன்ல 1987-ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுல, பத்து வருஷம் கழிச்சு பைபாஸ்காரங்க எடை 25 சதவீதம் கம்மியா நின்னுச்சு, பழைய பேண்ட் முறைக்காரங்களுக்கு 14. நான் 128-ல இருந்து கணக்குப் போட்டா 16 சதவீதம். 81-ல இருந்து பார்த்தாத்தான் தோத்த ஆளு. ரெண்டு வருஷமா நான் 81-ல இருந்து மட்டுமே பார்த்துட்டு இருந்திருக்கேன்.

ஆனா ஷீட்டோட இன்னொரு பக்கம் பயமா இருந்துச்சு. ரெண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி இல்ல. உள்ள தழும்பு ஒட்டியிருக்கும், தையல் கசியற வாய்ப்பு முதல் தடவையை விட அதிகம், குறையற எடையும் முதல் தடவையை விடக் கம்மிதான். பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும். வலி மாத்திரையில பாதி ஐட்டம் தொடக்கூடாது, புண் வரும். சக்கரை அதிகமாப் போனா படபடப்பு, வேர்வை, வயித்துப்போக்குன்னு குடல் அங்கயே தண்டனை கொடுத்துடும். (இது எனக்கு நல்லதுதானோ என்னவோ.)

இன்சூரன்ஸ் ஒரு தனி காமெடி. 2020-ல அமலுக்கு வந்த ஐஆர்டிஏஐ விதியை நம்ம பாஷையில எழுதினா நெஸ்டட் இஃப்: பிஎம்ஐ 40-க்கு மேல இருந்தா சரி, இல்லன்னா 35-க்கு மேல இருந்து, கூடவே இதயநோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுப்படாத சக்கரை இந்த மாதிரி ஒண்ணு இருக்கணும். என் பிஎம்ஐ 37. நெஞ்செரிச்சல் அந்த லிஸ்ட்லயே இல்ல. எல்ஸ் பிராஞ்ச்ல போய் விழுந்தேன். இன்னும் எட்டரை கிலோ ஏறினா பணம் கிடைக்கும்னு ஒரு ராத்திரி நெஜமாவே யோசிச்சேன்.

ஊசியும் கேட்டுப் பார்த்தேன். மவுன்ஜாரோ 2025 மார்ச்சில இங்க வந்தப்ப 5 மி.கி. வயல் 4,375 ரூபா, வாரத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு ரெண்டேகால் லட்சத்துக்கும் மேல. நிறுத்தினா எடை திரும்பும்ங்கறாங்க. பசிக்கு நல்ல மருந்துதான், ஆனா வயித்துல இருக்கறது மெதுவா இறங்கறதால நெஞ்செரிச்சல் கூடலாம்னு டாக்டர் தயங்கினார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் பீரோவுல இருந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்துட்டு வந்தாங்க. 2024 ஏப்ரல்ல சென்னையில இதே மாதிரி எடை ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் இறந்துபோன செய்தி. 26 வயசு. ஒன்றரை வருஷமா மடிச்சு வெச்சிருந்திருக்காங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. "கட்காரி பண்ணலியா, ஜெட்லி பண்ணலியா"ன்னு 2020-ல ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவங்க இதே அம்மாதான். "குண்டா இருந்தாலும் இரு சாமி. இருந்தாப் போதும்"ன்னாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?

அப்பா அன்னிக்கு ஒண்ணும் பேசல. மறுநாள் திருச்செங்கோடு ரோட்டுல ரீட்ரேடிங்குக்குப் போட்டிருந்த டயரை எடுக்கப் போனோம். போற வழியில, "மோகனூர்ப் பக்கம் இருக்கற அரை ஏக்கரைக் கேக்கறாங்க. குடுத்தரலாமா கண்ணு?"ன்னார், ரோட்டைப் பார்த்துக்கிட்டே. வண்டியை நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடிடலாம் போல இருந்துச்சு. தங்கச்சி கல்யாணம் 2023-ல வண்டி மேல லோன் போட்டுத்தான் நடந்துச்சு. அந்த லோனே இன்னும் முடியல.

அப்பத்தான் சொன்னேன். மிக்சர் பாக்கெட், தட்டுவடை, ராத்திரி ஐஸ்கிரீம், எல்லாத்தையும். "நீங்க கட்டின காசை நான் தின்னே தீத்துட்டேங்ப்பா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள குரல் உடைஞ்சுடுச்சு. 28 வயசு, டீம் லீடு, லாரி டயர் ஏத்தின வண்டியில உக்காந்து அழறேன்.

அவர் ரொம்ப நேரம் பேசாம ஓட்டினார். அப்புறம், "நான் பீடியை எத்தனை தடவை உட்டிருக்கறேன் தெரியுமா? நாலு தடவை. உங்கம்மாளுக்கு ரெண்டு தடவைதான் தெரியும்"ன்னார். டயரைக் கையில தட்டிப் பார்த்து வாங்கும்போது இன்னொண்ணும் சொன்னார். "ஒருக்கா ரீட்ரேட் போட்டதை மறுக்காவும் போடுவாங்க. ஆனா கேஸிங் நல்லா இருக்கோணும். நூலு தெரிஞ்சிருச்சுன்னா எவனும் போடமாட்டான். உன்ற கேஸிங் எப்படின்னு அந்த டாக்டருகிட்டக் கேளு. காசு அப்புறம்."

மூணு மாசம் எழுதி வெச்சேன். டீயில சக்கரை போச்சு. டிராயர் காலி. ராத்திரி ஷிஃப்ட் மாத்தச் சொல்லி மேனேஜர்கிட்டக் காரணத்தோடவே கேட்டேன், மாத்திட்டார். தட்டுவடை முழுசாப் போகல, வாரத்துக்கு ஒரு செட், அதையும் எழுதிடறேன். 107, 102 ஆச்சு. மாத்திரை ரெண்டு வேளை. ஆனா ராத்திரி இருமல் நிக்கல. மறுபடி ஸ்கோப் போட்டாங்க, புண் அப்படியேதான் இருந்துச்சு.

கேஸிங் எப்படின்னு கேட்டேன். (லாரி கதையைச் சொன்னதும் டாக்டர் சிரிச்சுட்டார்.) வயசு, ரத்தம், இதயம் எல்லாம் நல்லா இருக்குன்னார். இப்ப அவரே பைபாஸ் பக்கம்தான் சொன்னார், நெஞ்செரிச்சலுக்காக. எடை கொஞ்சம் குறையலாம், எவ்வளவுன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்னும் சொன்னார். 81 இனி திரும்ப வராதுன்னு எடுத்துக்கிட்டேன். அதைக் கேட்டுட்டு வெளிய வந்து காரிடார்ல அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பசியில்ல, கோபமில்ல, சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் உள்ள போய் தேதி வாங்கிட்டேன்.

காசு என்னோடது. கார் வாங்கச் சேர்த்தது மூணு லட்சம் இருக்கு, மிச்சம் பர்சனல் லோன். மோகனூர் நிலம் மோகனூர்லயே இருக்கட்டும். அம்மா இன்னும் சரியாப் பேசறதில்ல. ஆனா நேத்து, ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் கஞ்சித் தண்ணின்னு கேட்டாங்க.

ஸ்லீவ்ல இருந்து பைபாஸுக்கு மாத்தினவங்க, இல்ல வீட்ல யாருக்காவது மாத்தியிருந்தா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. பி12 ஊசியாப் போடறீங்களா, மாத்திரையே போதுதா? அப்புறம், முதல் மாசம் வேலைக்கு லீவு எத்தனை நாள் எடுத்தீங்க? மேனேஜர் ரெண்டு வாரம்தான் தர்றேங்கறார்.