கேட் எப்போ திறப்பாங்க?

சொந்தமாக வீடு கட்டியவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். சொன்ன தேதியில் கிரகப்பிரவேசம் செய்தவர்கள் மட்டும் தூக்கிய கையை இறக்காமல் வைத்திருங்கள். பார்த்தீர்களா, ஒரு கையைக்கூடக் காணோம்.

மேஸ்திரி தை மாதம் என்பார். தை போய் வைகாசி வரும். வைகாசி போய் ஆடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆடியில் எப்படி? ஆவணியில் பார்க்கலாம். ‘எல்லாம் முடிஞ்சுது சார், பெயின்ட் மட்டும்தான் பாக்கி’ என்பார். இந்த ‘மட்டும்தான்’ என்ற வார்த்தைக்குக் கட்டட அகராதியில் நாலு மாதம் என்று பொருள்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கே இந்தப் பாடு. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிற ஸ்டேடியம் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு நாலு வருஷத்துக்கு ஒரு முறை உலகக் கோப்பையோடு முடிந்துவிடும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன்.

2025 நவம்பரில், தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்ற இரண்டு நாள் இருக்கும்போது, திருவண்ணாமலையில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நண்பர் அரசாங்கத்தில் சிவில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரே பந்தலும் சவுக்குக் கட்டையுமாக இருந்தது. மாட வீதியில் நடக்க வழியில்லை. ராத்திரி எட்டே முக்காலுக்கு அவருடைய பேரன் மொட்டை மாடியில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

“தாத்தா, இன்னிக்கு எங்க வீட்டு கிரகப்பிரவேசம். அப்புறம் சாப்பிடறேன்” என்றான்.

அவன் சொன்ன வீடு ஸ்பெயினில் இருக்கிறது. பார்சிலோனா கிளப்பின் கேம்ப் நோ ஸ்டேடியம். மெஸ்ஸி ஓடி விளையாடிய இடம். 2023-ல் அதைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். முடிந்தால் ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர் உட்காரலாம். 2024 நவம்பரில், கிளப்பின் 125-வது பிறந்த நாளுக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிறந்த நாள் வந்தது, வீடு வரவில்லை. பிறகு 2025 ஆகஸ்ட் என்றார்கள். பிறகு செப்டம்பர். அதுவரைக்கும் 1992 ஒலிம்பிக்ஸ் நடந்த மைதானத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். செப்டம்பரில் 27,000 பேரையாவது உள்ளே விடலாம் என்று பார்த்தார்கள், நகராட்சி அனுமதி கொடுக்கவில்லை. உலகத்தின் பணக்கார கிளப்புகளில் ஒன்று, ஆறாயிரம் பேர் உட்காரும் தன்னுடைய பயிற்சி மைதானத்தில் வாலென்சியாவோடு விளையாட வேண்டியதாயிற்று.

பையன் இதையெல்லாம் தேதி வாரியாகச் சொன்னான். சரித்திரப் பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பான்.

“மெஸ்ஸியே ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரியில வந்து பார்த்துட்டுப் போனாரு அங்கிள்” என்றான். நிஜம்தான். 2021-ல் அழுதுகொண்டே கிளப்பை விட்டுப் போனவர், இன்னும் திறக்காத ஸ்டேடியத்துக்கு ஒரு ராத்திரி சத்தமில்லாமல் வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நவம்பர் 22. சுமார் 45,000 பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். நாலாவது நிமிஷத்திலேயே லெவண்டோவ்ஸ்கி ஒரு கோல் போட்டார். பையன் போட்ட கூச்சலில் பக்கத்து மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனார். மொத்தம் நாலு கோல், எதிரணி பூஜ்யம். கிரகப்பிரவேசம் அமோகம்.

“எதுக்குடா ஒரு வருஷம் லேட்டு?” என்று கேட்டேன்.

“ஏதோ எக்ஸிட் சரியில்லையாம், சர்டிபிகேட் தரலையாம். எல்லாம் கட்டி முடிச்சாச்சு அங்கிள். சும்மா ஒரு பேப்பருக்காக நிறுத்தி வெச்சிருந்தாங்க.”

அதுவரை பேசாமல் இருந்த நண்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“கட்டி முடிச்சாச்சுன்னு சொல்றது மேஸ்திரி. திறக்கலாம்னு சொல்றது வேற ஆளு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறதாலதான் ஜனங்க சாகறாங்க.”

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறாரே என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பியபின் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது குறைவு.

லண்டனில் டோட்டன்ஹாம் என்று ஒரு கிளப். பழைய ஸ்டேடியத்தை 2017-ல் இடித்துவிட்டு, அதே இடத்தில் 62,000 பேருக்குப் புதிதாகக் கட்டினார்கள். 2018 செப்டம்பரில் லிவர்பூலோடு முதல் மேட்ச் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில், முக்கியமான பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோளாறு இருக்கிறது, இப்போது திறக்க முடியாது என்று கையை விரித்தார்கள். வெம்ப்ளியில் வாடகை வாசம் நீண்டது. திறந்தது 2019 ஏப்ரல் 3. அதற்கு முன்னால் மார்ச்சில் இரண்டு ஒத்திகை மேட்ச் வைத்தார்கள். ஒன்று பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடியது, இன்னொன்று ரிட்டயர் ஆன பழைய ஆட்டக்காரர்கள் ஆடியது. முழுக் கூட்டத்தையும் விடாமல், ஓர் அளவு வரைக்கும்தான் விட்டார்கள். ஒத்திகை ஆட்டக்காரர்களுக்கு அல்ல, கதவுகளுக்கும் படிக்கட்டுகளுக்கும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், அந்த நாடு அதற்கு விலை கொடுத்திருக்கிறது. 1971 ஜனவரி 2-ம் தேதி, கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் ஸ்டேடியம். மேட்ச் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது நெரிசல். 66 பேர் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள், வீட்டுக்குக் கிளம்பியவர்கள். அதன் பிறகுதான் 1975-ல் ஒரு சட்டம் போட்டு, பெரிய ஸ்டேடியங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பையன் ‘சும்மா ஒரு பேப்பர்’ என்றானே, அந்தப் பேப்பருக்கு இப்படித்தான் ஒரு பரம்பரை இருக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து மேட்ச், 16 ரசிகர்கள். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில், கோப்பையைப் பார்க்க வந்த 11 பேர். ஸ்டேடியத்தை விடுங்கள். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம், 94 குழந்தைகள். அந்தக் கட்டடத்துக்கு யாராவது ஒருவர் ‘இதைத் திறக்காதே’ என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைக்காத தமிழன் உண்டா?

ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் மாலை போட்டுவிடக் கூடாது. அதே ஸ்பெயினில் வாலென்சியா கிளப் 2007 ஆகஸ்டில் புது ஸ்டேடியம் கட்ட ஆரம்பித்தது. பழைய மைதானத்தின் நிலத்தை விற்று அந்தக் காசில் புதியதை முடிக்கலாம் என்று கணக்கு. உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது, நிலம் விற்கவில்லை, 2009-ல் வேலை நின்றது. மறுபடி ஆரம்பித்தது 2025 ஜனவரியில். நடுவில் பதினாறு வருஷம் வெறும் கான்க்ரீட் எலும்புக்கூடு ஊருக்குள் நின்றது. அடிக்கல் நாட்டியபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைக்கு இப்போது மீசை முளைத்திருக்கும்.

நம் சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காகப் புத்தம் புதிதாக ஐ, ஜே, கே என்று மூன்று ஸ்டாண்ட் கட்டினார்கள். பிறகு அனுமதிச் சிக்கலில் பூட்டு விழுந்தது. டி.வி.யில் மேட்ச் பார்க்கும்போதெல்லாம், மஞ்சள் கடலுக்கு நடுவே மூன்று பொக்கைப் பல் மாதிரி அவை காலியாகத் தெரியும். 2019-ல் சென்னையில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். இறுதிப் போட்டி ஹைதராபாத்துக்குப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்று ஸ்டாண்டையும் திறக்க அனுமதி கிடைக்காததுதான் காரணம். பிற்பாடு திறந்தார்கள். ஆனால் கட்டும்போதே வாங்கியிருக்க வேண்டிய அனுமதிக்கு ரசிகன் எத்தனை சீசன் காத்திருந்தான்?

ஆக, தாமதத்தில் இரண்டு வகை. ஒன்று, உயிருக்குப் பயந்து நிறுத்துவது. இன்னொன்று, பணமோ காகிதமோ தீர்ந்துபோய் நிற்பது. கேட்டுக்கு வெளியே டிக்கெட்டோடு நிற்கிற உங்களுக்கும் எனக்கும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரே பூட்டு. ஒரே வாட்ச்மேன். ஒரே பதில்: “தெரியாது சார்.”

கோபம் வருவது அந்த ‘தெரியாது’வால்தான். அதற்கும் முன்னால், யோசிக்காமல் சொன்ன தேதியால். மறுநாள் காலையில் ராஜகோபுரத்தைக் காட்டி நண்பர் ஒன்று சொன்னார். “217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சது. அவர் 1529-ல போயிட்டாரு. முடிச்சது தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். இதை யாராவது லேட்டுன்னு சொல்றாங்களா? ஏன்னா, யாரும் தேதி சொல்லல.”

ராஜாக்களுக்கு அது சரி. சீசன் டிக்கெட் விற்றவர்கள் தேதி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ‘இந்தத் தேதிக்குள் திறக்கப் பார்க்கிறோம், இன்னின்ன சோதனை பாக்கி, அதில் தேறாவிட்டால் திறக்க மாட்டோம்’ என்று போர்டு எழுதி வைக்கலாம் அல்லவா? ரசிகன் முட்டாள் இல்லை. காரணம் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது வீட்டுக்குப் போவான்.

திருவண்ணாமலை ஜனங்கள் போனார்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெங்கல் புயல் மழையில், மலையிலிருந்து மண் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 13 மகா தீபம். வழக்கமாக அன்றைக்கு அனுமதிச் சீட்டோடு ஒரு கூட்டம் 2,668 அடி மலை ஏறும். மண்ணியல் நிபுணர்கள் போய்ப் பார்த்தார்கள். மண் ஊறிக்கிடக்கிறது, ஜனங்களை ஏற்ற வேண்டாம் என்றார்கள். கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து போக வேண்டியவர்கள் தவிர பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஸ்டேடியத்தை அடுத்த மாதம் திறக்கலாம். கார்த்திகை தீபத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தீபம் அதே ஜோதியாகத்தான் தெரிந்தது.

நண்பரின் ‘வேற ஆளு’ யார் என்று அன்றைக்கே கேட்டுவிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஓர் ஊரில், எல்லாரும் கூடுகிற ஒரு பெரிய மண்டபம். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றார். அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று. இவர் போய்ப் பார்த்தால், வெளியே போகிற வழிக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. கூட்டம் பதறி ஓடிவந்து கதவில் சாய்ந்தால் அது திறக்கவே திறக்காது. மாற்றினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். ‘ஒரு கதவுக்காகவா சார்?’ என்று எல்லாரும் கேட்டார்கள். விழா தள்ளிப்போயிற்று. இவரையும் வேறு ஊருக்குத் தள்ளிவிட்டார்கள்.

“கதவை மாத்தினாங்களா?”

“மாத்தினாங்க. என்னை மாத்தினதுக்கு அப்புறம்.”

“திறப்பு விழாவுக்காவது கூப்பிட்டாங்களா?”

“இல்ல சார். ஆனா இத்தனை வருஷமா அந்த மண்டபத்துல ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காததுக்கு யாரு சார் மாலை போடுவாங்க?”

பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டுத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும்போல.

அடுத்த முறை ஏதாவது ஒரு புதுக் கட்டடத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கும்போது, தயவுசெய்து சண்டை போடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘எப்போ திறப்பீங்க?’ என்பதோடு ‘ஏன் திறக்கல?’ என்றும் கேளுங்கள். பதில் பணமென்றால் விடாதீர்கள். பதில் ஒரு கதவென்றால், அதற்காக எங்கேயோ ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்துக்கொண்டு நிற்கலாம். அவருக்காக இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.