ஐந்து ஆறும் ஒரு ரப்பர்க் குழாயும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குக் காரில் போயிருக்கிறீர்களா? ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து பாலங்களைத் தாண்ட வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐப்பசியில் போனால் ஐந்திலும் தண்ணீர் புரண்டோடும். இரு மருங்கிலும் பச்சைப் பசேலென்று நடவு வயல். 'இந்தச் சீமையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர்ப் பஞ்சமா?' என்று நினைக்கத் தோன்றும்.

சித்திரையில் போய்ப் பாருங்கள்! மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது நெடுநாளைய வழக்கம். ஆகவே கத்திரி வெயிலில் ஐந்து ஆறும் ஐந்து மணல் திட்டு. கார்கள் கொதிப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான். வாய்க்காலை நம்பி வண்டியெடுப்பவருக்கு, வேண்டிய நாளில் அங்கே ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

காரைக் கொதிக்க வைப்பது பெரும்பாலும் பெரிய கோளாறு அல்ல. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மேலொன்று, கீழொன்றாக இரண்டு ரப்பர் ஹோஸ்கள் இருக்கின்றன. மேல் குழாய் வழியாகச் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிறது. ஆறிய தண்ணீர் கீழ்க் குழாய் வழியாகத் திரும்புகிறது. ஒன்று விரிந்தால் போதும், தண்ணீரெல்லாம் ரோட்டில். அப்படியும் வண்டியை ஓட்டிக்கொண்டே போனால் என்ஜினின் ஹெட் வளைந்து, குழாய்ச் செலவு பல மடங்காகிவிடும்.

கண்டியூர்ப் பக்கம் ஒரு பெரியவர் இன்னும் அம்பாஸடர் வைத்திருக்கிறார். 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது, அவர் நிறுத்தவில்லை! பங்குனி பிறந்ததும் வாசல் வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்தி, இரண்டு ஹோஸையும் தாமே சோதிப்பார். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தழும்பு ஒன்று. வாலிபத்தில், கொதித்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்ததன் அடையாளம். பிரஷர் குக்கரைப் போலத்தான் ஸார், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி நெகிழ்ந்ததும் குபீரென்று பொங்கி மேலே அடிக்கும்.

ஆகையால் முதல் வேலை, காத்திருப்பது. இரவு முழுதும் ஆறிய வண்டியில் காலையில் கை வையுங்கள். சாவியையும் எடுத்துவிடுங்கள், புதிய கார்களில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். குழாயை அமுக்கிப் பாருங்கள். நைந்த வெண்டைக்காய் போல் தொளதொளத்தாலோ, அப்பளம் போல் வெடிப்பு விட்டிருந்தாலோ, கிளிப்புக்குப் பக்கத்தில் புடைத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். நெல் சேர்த்து வைக்கும் வீடுகளில் எலிப் பல் பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூடியைத் திறந்து, அடியில் ஒரு பேசினை வைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அதில் கூலண்ட் கலந்திருந்தால் வாய்க்காலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது. நாயும் மாடும் நக்கிவிடும். இந்த ஊரில் ஒருவர் மதகில் விட்டது அடுத்தவர் வயலுக்குத்தானே போகிறது!

கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை இடமும் வலமும் முறுக்கினால் பிடி விடும். ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். ரேடியேட்டரின் வாய் பழைய வண்டியில் நசுங்கும், புதிய வண்டியில் பிளாஸ்டிக்காதலால் விரியும். கத்தியால் ஹோஸை நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரியுங்கள். பிறகு வாயில் படிந்த காறையை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பெரியவர் இதற்கு மட்டும் கால் மணி நேரம் செலவிடுகிறார். சொரசொரப்பு இருந்தால் எத்தனை இறுக்கினாலும் கசியும் என்கிறார்.

புதுக் குழாயில் இரண்டு கிளிப்பையும் முன்னதாகவே மாட்டிக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். எண்ணெய் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். வாயின் விளிம்பு மேட்டைத் தாண்டி உள்ளே கிளிப் உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும்படி முறுக்குவது வீரமல்ல.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் உள்ளே துருவும் காறையும் பிடித்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தே என்ஜினைச் சற்று ஓட விட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும், மட்டம் இறங்கும். சூடேறிப் பொங்குவதற்குள் குறைந்ததை நிரப்பி மூடிவிடுங்கள்.

அப்புறம் திருவையாறு வரை ஓட்டிப் பாருங்கள். அங்கே நிழலில் வண்டியை விட்டு, ஐயாறப்பரைத் தரிசித்து, காவிரிக் கரையில் தியாகராஜ ஸ்வாமிகள் சமாதியையும் பார்த்து, கடைத் தெருவில் சூடாக அசோகா ஒரு பொட்டலம் வாங்கித் தின்று முடியுங்கள். அதற்குள் என்ஜின் ஆறியிருக்கும். புது ரப்பர் சூட்டில் சற்று அமுங்கியிருக்குமாதலால் இரண்டு கிளிப்பையும் இன்னும் அரைச் சுற்று திருகிவிட்டுக் கிளம்புங்கள்.