பந்தின் மேல் வளையும் கோடு

5-3, என் சர்வ், 40-15. ஒரு டபுள் ஃபால்ட். பந்தை எடுக்க நடக்கும்போதே 'டாஸ் தாழ்ந்துபோச்சோ' என்று உள்ளே பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்த பாயிண்டை யோசித்து யோசித்தே ஆடினேன். பந்து நெட்டில் விழுந்தது. டியூஸ். பிறகு அந்த கேமும் செட்டும் போயின. ராக்கெட்டை எவ்வளவு இறுக்கியிருந்தேன் என்பது, ஆட்டம் முடிந்து விரல்கள் வலித்தபோதுதான் தெரிந்தது.

பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவே விதி தருவது 25 விநாடி. நான் தோற்ற செட்டுகளில் பாதி அந்த இடைவெளியில் தோற்றவை.

திமோதி கால்வே 1974இல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' நூலில் ஓர் எளிய பயிற்சி உண்டு. பந்து தரையில் படும்போது 'பவுன்ஸ்', ராக்கெட்டில் படும்போது 'ஹிட்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் 'தரை', 'அடி' என்று சொல்லிப் பார்த்தேன். என் 'அடி' எப்போதும் பந்துக்கு முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருடப் பதற்றம் அந்த ஒரு சொல்லில் பிடிபட்டது. கையைத் திருத்தவில்லை. சொல் பந்தோடு சேர்ந்து விழத் தொடங்கியதும் ஃபோர்ஹேண்ட் தானாக நிதானப்பட்டது.

மனதைக் காலியாக வைத்துக்கொள் என்பார்கள். எனக்கு அது ஒருநாளும் கைகூடியதில்லை. மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பந்தின் ரோமத்துக்கு நடுவே வளைந்து ஓடும் அந்த வெளிர்கோட்டைக் கொடுத்தேன். சுழலும் பந்தில் அது முழுதாகத் தெரியாது. ஆனால் அதைத் தேடுகிற கண் ஸ்கோரைத் தேடாது.

பாயிண்ட் முடிந்ததும் இப்போது வேலியைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். ராக்கெட்டில் விலகிய நரம்புகளை விரலால் நேராக்கியபடி ஒரு நீண்ட மூச்சு. பழைய பேச்சு வரத்தான் செய்கிறது. வந்ததைக் கவனித்துவிட்டு மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறேன், ஒரே ஆட்டத்தில் நூறு தடவையாவது.

1975 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸை எதிர்த்து ஆடிய ஆர்தர் ஆஷ், பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது செட்டை இழந்த பிறகும் அப்படித்தான். நான்காவதில் 6-4 என்று வென்றார். அந்த மூடிய கண்கள்தான் எனக்கு அவருடைய ஆகச் சிறந்த ஷாட்.

நேற்று காலை 30-40இல் மறுபடி ஒரு டபுள் ஃபால்ட். வேலிப் பக்கம் திரும்பினேன். விரல்கள் இறுகியிருப்பது இந்தத் தடவை அங்கேயே தெரிந்தது.