முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? கப்பலில் படித்த கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் விவசாயி நான். கடல் என்றால் எனக்குத் தெரிந்தது ராமேஸ்வரமும் திருச்செந்தூரும்தான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஜூன் மாசம் வாங்க. மத்தியதரைக் கடல்ல ஏழு ராத்திரி கப்பல் பயணம் போவோம்" என்று அழைத்தபோது, கவாத்து முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருந்தேன். விசாவுக்கு அலைந்ததைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு தொடராகிவிடும். அதை விட்டுவிட்டு, ஊரில் யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பல குடும்பங்கள் இப்போது இப்படிக் கிளம்புகின்றன. அவர்களுக்கு உதவும்.

டிக்கெட் போடும்போதே மகன் ஒரு கேள்வி கேட்டான். "ராத்திரிச் சாப்பாடு 6 மணியா, 8.30 மணியா? இப்பவே சொல்லணும்பா." பெரிய கப்பல்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதால், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாது. நம் கல்யாண வீட்டில் பந்தி பிரிப்பதைப் போலவே இரண்டு பந்தி. ஏழு நாளும் அதே மேசை, அதே பரிமாறுகிறவர். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதோடு, என் மனைவிக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. வீட்டில் ஏழரை மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும். "முதல் பந்தியே போடுப்பா" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று புரிய ஐந்து நாள் ஆனது.

முதல் மூன்று நாள்

பார்சிலோனாவில் கப்பல் ஏறினோம். அந்த மாதத்தில் இந்தியாவைவிட அங்கே கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 8.30 என்றால், நம் உடம்புக்கு நள்ளிரவு 12 மணி. அதனால் முதல் இரண்டு நாளும் முதல் பந்தி எங்களுக்கு வரமாகத்தான் இருந்தது. ஒரே வேடிக்கை, வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ராத்திரிச் சாப்பாடு. ஜூனில் அந்தப் பக்கம் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடுகிறது.

மனைவி சைவம். பரிமாறியவர் கோவாக்காரர். முதல் நாளே மகன் சொல்லி வைத்ததால், மறுநாள் முதல் பருப்பும் சப்பாத்தியும் தயிரும் வந்தன. மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என ஐந்து பேருக்கு வட்ட மேசை. மகனோடு இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகலில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அந்த ஒரு மணி நேரம்தான் எல்லோரும் ஒன்றாக இருந்த நேரம். பல்மாவிலும் மார்செயிலும் பந்தி தவறவில்லை.

தவழ்ந்து போகும் திராட்சைப் பந்தல்

நான்காம் நாள் இத்தாலியில் லா ஸ்பெசியா துறைமுகம். அங்கிருந்து ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் சின்குவே டெர்ரே வந்துவிடுகிறது. 'ஐந்து நிலங்கள்' என்று பொருள். மலை அப்படியே கடலுக்குள் இறங்கும் இடத்தில் ஐந்து சிற்றூர்கள். 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊர் அழகை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, என் கண் மலைச்சரிவிலேயே நின்றுவிட்டது. அடி முதல் உச்சி வரை படிப்படியாக அடுக்கு நிலம். ஒவ்வொரு அடுக்குக்கும் கல் சுவர். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லை. கல்லின் மேல் கல் பொருந்தி நிற்கிறது. மழைத்தண்ணீர் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும், மண் மட்டும் நின்றுவிடும். இந்தக் கல் அடுக்கும் கலையையும் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பாரம்பரியமாக 2018-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது.

மனரோலா என்ற ஊருக்கு மேலே ஏறினோம். அங்கே பாரம்பரியமாகத் திராட்சைக்குப் பந்தல்தான். ஆனால், என் தோட்டத்துப் பந்தல் ஆறடி உயரம், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அவர்களுடையது இடுப்பு உயரம்கூட இல்லை. கடல் காற்றுக்குப் பயந்து தாழ்வாகப் போடுகிறார்கள். அதற்கு அடியில் குனிந்தும் தவழ்ந்தும்தான் வேலை. ஒரு முதியவர் சுவரில் பெயர்ந்த கல்லை எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். மகனின் செல்போன் மொழிபெயர்க்க, நான் என் பந்தலின் படத்தைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து நின்று, கையை மேலே தூக்கிக் குலை பறிப்பதுபோல் செய்து காட்டிச் சிரித்தார். "நீங்க கொடுத்து வச்சவங்க" என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அவருக்கு வருடத்துக்கு ஒரே அறுவடை, செப்டம்பர் வாக்கில். குலைகளை மலையிலிருந்து இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டி வைத்திருக்கிறார்கள். அது வருவதற்கு முன்பு எல்லாம் தலைச்சுமைதான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும் பல அடுக்குகள் தரிசாகிவிட்டன. ஆளில்லாத அடுக்கில் ஒரு கல் பெயர்ந்தால் எடுத்து வைக்க யாரும் இல்லை. பிறகு சுவர் போகும், சுவரோடு மண்ணும் போகும். 2011 அக்டோபர் 25-ல் பெய்த பேய்மழையில் வெர்னாசா, மான்டெரோசோ ஊர்களின் தெருக்களை மண்ணும் கல்லும் மூடின. "ஊரைக் காப்பாத்துறதே இந்தச் சுவருதான்" என்றார் முதியவர்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. மருமகள், மனைவி, பேத்தி மூவரும் முந்தைய ரயிலிலேயே கிளம்பிவிட்டார்கள். நானும் மகனும் கப்பலில் கால் வைத்தபோது மணி 6.50. சாப்பாட்டுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. மேல் தளத்துப் பஃபேயில் இருவரும் சாப்பிட்டோம். கீழே ஐந்து நாற்காலியில் மூன்று பேர் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். "நாளைக்காவது நேரத்துக்கு வாங்க" என்றாள் மனைவி.

ரோம் சாலையில் ஒரு மாலை

மறுநாள் ரோம். இங்கேதான் வரைபடம் ஏமாற்றும். கப்பல் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கொலோசியம், வாட்டிகன் எல்லாம் ஒரே நாளில் பார்க்கக் கப்பல் நிர்வாகமே ஏற்பாடு செய்த சுற்றுலா. மாலை 5.15-க்குக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம் என்று அட்டையில் இருந்தது.

காலையில் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். மதியம் கொடுத்த பாஸ்தா பிடிக்காமல் பாதி வைத்துவிட்டாள். வெயிலில் நடை, நம் ஊர் நடையைப்போல நாலு மடங்கு. நான்கு மணிக்குப் பேருந்து ஏறும்போது மருமகள் பிஸ்கட் நீட்டினாள். "ஆறு மணிக்குப் பந்தி இருக்குல்ல, இப்ப எதுக்கு? அப்புறம் சாப்பாடு இறங்காது" என்று தள்ளிவிட்டாள். நானும் "ஆமா" என்றேன். ரோமைத் தாண்டுவதற்குள் போக்குவரத்து நெரிசல். ஐந்தே முக்காலுக்கும் பேருந்து நின்ற இடத்திலேயே நின்றது.

கையைப் பிடித்தேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. விரல் நடுங்கியது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் குழறியது. பையில் வைத்திருந்த குளுக்கோஸ் மாவு கப்பல் அறையிலேயே கிடந்தது. பேத்தியின் கையில் பாதி குடித்த ஆப்பிள் ஜூஸ் இருந்தது. அதைத்தான் மருமகள் வாங்கி வாயில் வைத்தாள். முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பதினைந்து நிமிடத்தில் கண் தெளிந்து, "எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள். எனக்குத்தான் அதற்குப் பிறகும் கால் நடுங்கியது. கப்பலுக்கு வந்தபோது மணி 6.40. கப்பலின் சொந்தச் சுற்றுலா என்பதால் கப்பல் எங்களுக்காகக் காத்திருக்கும். பந்தி காத்திருக்காது.

பந்திக்கு முந்தப் பார்த்தேன். பந்தியே பொறியாகிவிட்டது. 6 மணிக்குச் சாப்பாடு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் நாலு மணி பிஸ்கட்டைத் தள்ளச் சொன்னது.

பந்தி மாற்றம்

அன்றிரவே மகன், சாப்பாட்டுக் கூட மேலாளரைப் பார்த்தான். இரண்டாம் பந்தியில் ஒரு மேசை காலியாக இருந்தது, மாற்றிக் கொடுத்தார். ஊரில் உள்ள எங்கள் டாக்டருக்கும் செய்தி அனுப்பினோம். மாலை 5 மணிக்குத் தவறாமல் சிற்றுண்டி, இரவு ஊசியைச் சாப்பாடு மேசைக்கு வரும் நேரத்துக்குத் தள்ளிப் போடுவது என்று அவளுக்கு ஏற்றபடி சொன்னார். இது அவளுக்குச் சொன்ன அளவு. உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள் நேப்பிள்ஸ். அங்கிருந்து பாம்பெய் போனோம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். சாம்பலுக்குள் மட்கிப்போன வேர்கள் விட்டுச்சென்ற பொந்துகளில் கலவை ஊற்றி, அன்று கொடி நின்ற இடங்களை அப்படியே கண்டுபிடித்தார் ஜஷெம்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர். கொடிக்குக் கொடி சுமார் 4 அடி. என் தோட்டத்தில் 10-க்கு 6. வேலிக்கு வெளியே நின்று வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன். "அவசரமில்லப்பா, எட்டரைக்குத்தான் சாப்பாடு" என்றான் மகன். ஐந்து மணிக்கு மனைவி தானே பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்தாள்.

அன்றும், கடலிலேயே மிதந்த ஏழாம் நாளும் இரவு ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பேத்தி இரண்டு நாளும் பழம் வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். இரண்டாம் பந்திக்கு அது ஒரு விலை. ஏழு இரவில் இரண்டு இரவை நான் இழந்தேன். அடுத்து மகன் எப்போது வருவான் என்று தெரியாதவனுக்கு, அது சின்னக் கணக்கு இல்லை.

கிளம்பும் முன் பாருங்கள்

* கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்க்காதீர்கள். சுற்றுலாப் பேருந்து திரும்பும் நேரத்தைப் பாருங்கள். அதோடு நெரிசலுக்கு ஒரு மணி, குளித்து உடை மாற்ற ஒரு மணி சேருங்கள். அந்தக் கூட்டல் 6-ஐத் தாண்டும் நாள்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாம் பந்தியே சரி.
* துறைமுகத்துக்கும் நீங்கள் பார்க்கப்போகும் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள்.
* கடலிலேயே இருக்கும் நாள்கள் அதிகம், சின்னக் குழந்தைகள் உண்டு என்றால் முதல் பந்தி நல்லது.
* பல கப்பல்களில் 'விரும்பிய நேரம்' என்ற மூன்றாவது முறையும் உண்டு. மேசையும் பரிமாறுகிறவரும் மாறலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.
* பந்தியை மாற்ற நினைத்தால் முதல் நாளே கேளுங்கள். தாமதித்தால் இடம் இருக்காது.
* சொந்தமாக ரயிலில் போனால், கப்பல் உங்களுக்காக நிற்காது. புறப்படுவதற்கு முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் தனியாக அறிவிக்கப்படும். அதுதான் உங்கள் கெடு.
* சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலின், மருந்துச் சீட்டு, இனிப்பு மூன்றையும் கைப்பையிலேயே வையுங்கள். இனிப்பு அறையில் இருந்தால் பயனில்லை.

ஊர் திரும்பி முதல் வேலையாக, தோட்டத்து மேட்டில் சரிந்து கிடந்த கல் வரப்பை எடுத்துக் கட்டினேன். மூன்று வருடமாகத் 'நாளைக்கு, நாளைக்கு' என்று கிடந்தது. மதியம் இரண்டு மணிக்கும் நான் கரையேறவில்லை என்று மனைவி தூக்குவாளியோடு வரப்புக்கே வந்துவிட்டாள். "முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?" என்று கேட்டாள். இரண்டு பேருமே அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.